முற்று எங்கே?

ஆங்கிலக் கவிஞர் கீற்ஸ் 1819இல் பாடிய இலையுதிர்காலப் பாட்டைப் பயிலும் உரும்பிராய் மாணவன் முதற்செய்யுளிலேயே திகைப்பான். அடிகள் 11, வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்றையோ காணோம்! இது பிழையன்று. பருவத்தை ஞாயிற்றின் உயிர்த்தோழமையாக்கி விளிக்கிறார் கவிஞர். அவ்விளியே எச்சங்களோடு நீளுகின்றது. முற்று, வினாவாக, இரண்டாஞ் செய்யுளில் வருகின்றது. பல பாட்டுக்கள் ஒரு வினைகொண்டு முடிவதை நம்மவர் குளகம் என்பர். அவ்வாறு கொண்டால் முடிச்சு அவிழும்.

அஃறிணையைக் கேட்பதுபோல விளித்தல் தொல்காப்பியர்க்கும் உடன்பாடே. இங்கோ பருவமும் ஞாயிறும் சதி செய்கின்றனவாம், கொடிகளிற் கனி நிறைக்க! தீயோர்க்குரிய சொல்லை நற்செயலுக்கு ஆண்டதே இனிமை.

இலையுதிர்காலம் என்னும் பெயர்தான் ஏமாற்றும். அப்பாட்டில் இலை உதிரவில்லை. பழப்பாரத்தால் மரம் வளைகின்றது. செம்மண் தோட்டத்தில் குலை தாங்காது சாய்ந்து, முட்டுக்கொடுத்து நிற்கும் வாழையைக் கண்டவனுக்கு அவ்வடி எளிதில் விளங்கும்.