பதுளை ரயில் பாதையிலேயே ஒரு ஒற்றர் உலகம்: தெரியுமா உங்களுக்கு?

பசறைப் பக்கத்தில் இப்போது போன் கையில் கிடைத்தால் போதும், பிள்ளைகள் ஜப்பான் அனிமேக்குள் புகுந்துவிடுகிறார்கள். அதில் 2004இல் வந்த ‘மேட்லாக்ஸ்’ என்றொரு மர்மத் தொடர் இருக்கிறது. மொத்தம் 26 பாகங்கள். உள்நாட்டுப் போரில் எரியும் ஒரு கற்பனை நாட்டில் ரகசிய வேலைகளைத் தனியாக முடித்துத் தரும் ஒரு பெண். தூரத்து நாடொன்றில், சின்ன வயதில் நடந்தது எதுவும் நினைவில் இல்லாத இன்னொரு பெண். இருவருக்கும் என்ன தொடர்பு? அதுதான் கதை.

ஆனால் கற்பனை நாடு எதற்கு? நம்ம ரயில் பாதையிலேயே நிஜக் கதை கிடக்கிறதே!

பசறையில் பஸ் ஏறி, பதுளையில் கொழும்பு ரயிலைப் பிடியுங்கள். எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை எல்லாம் தாண்டி பேராதனைச் சந்தி வரும். இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகத்தை டில்லியிலிருந்து தூக்கி, இந்தப் பேராதனைப் பூந்தோட்டத்தில்தான் வைத்தார். பர்மாப் போருக்கான திட்டங்கள் அந்த மரநிழலில் உருவாகின!

அமெரிக்காவின் ஒற்றர் அமைப்பான ஓ.எஸ்.எஸ். கண்டிக்கு வந்தது. அதன் ரகசிய ஆவணங்களையெல்லாம் காத்தவர் ஆறடிக்கும் மேல் உயரமான ஒரு பெண், ஜூலியா மெக்வில்லியம்ஸ். கண்டிக்கு வருமுன் அவர் வாஷிங்டனில் செய்த வேலைகளில் ஒன்று, கடலில் விழும் வீரர்களுக்காகச் சுறாவை விரட்டும் மருந்து தயாரிக்க உதவியது. தன் கணவரை அவர் சந்தித்தது இலங்கையில்தான். பிற்காலத்தில் அமெரிக்காவையே சமைக்க வைத்த தொலைக்காட்சிப் புகழ் ஜூலியா சைல்ட் வேறு யாருமில்லை, இவரேதான்!

ரயிலை விட்டுக் கொழும்பில் இறங்கினால் அங்கேயும் ரகசியம். ஜப்பானிய வானொலிச் செய்திகளை ஒட்டுக்கேட்டு, சங்கேதத்தை உடைத்த ‘எச்.எம்.எஸ். ஆண்டர்சன்’ பெயரளவில்தான் கப்பல். உண்மையில் அது கோல்ஃப் மைதானத்தில் எழுந்த நிலையம். அங்கே வேலை செய்தவர்களில் பிரிட்டிஷ் கடற்படைப் பெண்களும் இருந்தார்கள்.

இனிச் சொல்லப்போவது என் மனதை விட்டு அகலாத ஒரு பெண்ணைப் பற்றி. வெசாக் காலத்தில் தோரணங்களில் ஜாதகக் கதைகளைப் பார்க்கிறோமே, அவற்றில் இருபதைத் தேர்ந்து பிள்ளைகளுக்காக 1939இல் ஆங்கிலப் புத்தகமாகத் தந்த எழுத்தாளர், நாஜிகளிடம் பிடிபட்ட உளவாளி என்பது தெரியுமா? நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வம்சம். 1943 ஜூனில், 29 வயதில், பிரிட்டன் அவரை பிரான்சுக்குள் இறக்கியது. ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சுக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் வானொலி இயக்குநர் அவர். இத்தகைய இயக்குநர்கள் சுமந்த வானொலிப் பெட்டி ஏறத்தாழ 15 கிலோ, ஒரு முழுப் பேருக்குப் பறிக்கும் கொழுந்தின் எடைக்குக் கிட்ட! அந்த வேலையில் ஆறு வாரம் தாக்குப்பிடித்தாலே பெரிது என்று கணக்கிட்டிருந்தார்கள். போன சில நாட்களிலேயே கூட்டாளிகள் அடுத்தடுத்துப் பிடிபட்டார்கள். திரும்பி வந்துவிடு என்றது லண்டன். நூர் மறுத்தார். வீடு விட்டு வீடு மாறி, பாரிசிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார். அக்டோபரில் யாரோ காட்டிக்கொடுத்தார்கள். தப்பியோட முயன்றார், பிடித்தார்கள். மாதக்கணக்காகச் சங்கிலியில் கட்டி வைத்தார்கள். எதையும் சொல்லவில்லை. 1944 செப்டம்பர் 13இல் டக்காவ் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள். 1949இல் பிரிட்டன் ஜார்ஜ் கிராஸ் விருது தந்தது. எதிரியிடம் வாய் திறக்காத அந்தத் துணிவுக்கு எந்த விருது ஈடாகும்?

தமிழ்ப் பெண்கள் இல்லையா என்கிறீர்களா? ரங்கூனில் பிறந்த சரஸ்வதி ராஜாமணி, பிரிட்டிஷாரை எதிர்த்த நேதாஜியின் படைக்காக ‘மணி’ என்ற ஆண்பிள்ளை வேடத்தில் பிரிட்டிஷ் முகாம்களில் உளவு பார்த்ததையும், பிடிபட்ட தோழியை மீட்டு ஓடுகையில் காலில் குண்டு பாய்ந்ததையும், மரத்தின் மேல் ஒளிந்து கிடந்ததையும் பிற்காலத்தில் தானே சொன்னார். 2018இல் சென்னையில் காலமானார்.

அதே படையின் ஜான்சி ராணி என்ற பெண்கள் ரெஜிமெண்டில் 1943இல் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் யார்? மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்! சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி அதன் தளபதி. பதினெட்டு வயது ஜானகி தேவர் பிறகு அதில் தலைமைப் பொறுப்புக்கே உயர்ந்தார். அந்தத் தோட்டத்துப் பெண்கள் நமக்கு அந்நியரா என்ன? திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் நம்ம ஆட்களை இங்கே கூட்டிவந்தார்கள். அதே சீமைகளிலிருந்து மலாயாவுக்கும் ஆட்கள் போனார்கள். அண்ணன் பசறைக்கு, தங்கை பினாங்குக்கு என்று பிரிந்த குடும்பங்களும் இருந்திருக்கும்தானே? உங்கள் லயத்தில் மலாயா உறவைப் பற்றிப் பேசும் அம்மாயி, அப்பாயி யாராவது இருந்தால், இந்தக் கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள்.