ஆடையின் விலையும் கணக்கின் மதிப்பும்

மானத்தை மறைப்பதற்காக மட்டும் மனிதன் ஆடை உடுத்துவதில்லை என்பதைத் தறியில் அமர்ந்தவர் நன்கு அறிவர். முகூர்த்தப் புடவைக்கு அகன்ற கரை, வயல் வேலைக்குக் கெட்டித் துணி, மேடை ஏறுவோர்க்கு வெள்ளை வேட்டி என்று நாம் நெய்து கொடுக்கிறோம். உடுத்துபவர் யார், எங்கே செல்கிறார், பிறர் தம்மை எவ்வாறு மதிக்க வேண்டுமென்று விரும்புகிறார் என்பதையெல்லாம் துணி வாய் திறவாமலே சொல்லிவிடுகிறது. ஆகவேதான் மக்களிடம் வாக்குக் கேட்டு வருவோரின் உடை எந்த நாட்டிலும் பேச்சுக்குரிய பொருளாகிறது.

2008-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த ஜனாதிபதித் தேர்தலின்போது இவ்வாறு எழுந்த விவாதம் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். கடல் கடந்த நாட்டுச் செய்திதானே என்று அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். அவ்விவாதம் துணியைப் பற்றியது. கணக்கைப் பற்றியதும் ஆகும். இவ்விரண்டும் நம் சங்கங்களின் அன்றாடக் காரியங்கள் அல்லவா?

நிகழ்ந்தது என்ன?

அத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகராக நின்றவர் செனட்டர் ஜான் மெக்கெயின். ஆகஸ்டு 29-ஆம் தேதி, அலாஸ்கா மாநில கவர்னர் சாரா பேலின் அம்மையாரைத் துணை ஜனாதிபதி பதவிக்கு உரிய அபேட்சகராக அவர் அறிவித்தார். நாட்டின் வடகோடியில் உள்ள வசில்லா என்னும் சிற்றூரின் மேயராக இருந்து உயர்ந்தவர் அவ்வம்மையார். பிள்ளைகளை ஹாக்கி ஆட்டத்திற்கு அழைத்துச் செல்லும் சாதாரணத் தாய் என்றே அவர் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். உழைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் கஷ்டம் தமக்குத் தெரியும் என்பதே அவருடைய பிரசாரத்தின் சாரமாக இருந்தது.

அக்டோபர் 21-ஆம் தேதி 'பொலிட்டிக்கோ' என்னும் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. குடியரசுக் கட்சியின் தேசியக் குழு, பேலின் அம்மையாருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் ஆடை அணிகள் வாங்கிய வகையில் செப்டம்பர் மாதத்தில் 1,50,000 டாலருக்கு மேல் செலவிட்டிருந்தது என்பதே அச்செய்தி. மினியாபொலிஸ் நகரில் நீமன் மார்க்கஸ் என்னும் பெரிய கடையில் மட்டும் 75,062 டாலர். செயின்ட் லூயிஸ், நியூயார்க் நகரங்களில் சாக்ஸ் கடைகளில் 49,425 டாலர். கூந்தல் ஒப்பனைக்கும் முக ஒப்பனைக்கும் 4,716 டாலர் தனி. அடுத்த மாதக் கணக்கு வெளிவந்தபோது, அக்டோபர் முற்பாதிக்கு ஒப்பனைக் கலைஞர் ஒருவருக்கு 22,800 டாலர் வழங்கப்பட்டிருந்ததும் தெரியவந்தது.

இத்துணிகள் கட்சியின் சொத்து என்றும், தேர்தல் முடிந்ததும் தருமத்துக்கு வழங்கப்படும் என்றும் பிரசாரக் குழுவினர் பதில் கூறினர். அவை தம்முடையவை அல்ல என்றும், தாம் வழக்கமாக ஆடை வாங்குவது அலாஸ்காவில் உள்ள பழந்துணிக் கடையில்தான் என்றும் பேலின் அம்மையார் விளக்கினார். ஆயினும் பேச்சு அடங்கவில்லை.

வாக்காளரின் பணப்பை

அடங்காததற்குக் காரணம் காலம். செப்டம்பர் 15-ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய நிதி நிறுவனம் திவாலாயிற்று. அக்டோபர் 3-ஆம் தேதி, தடுமாறிய பாங்குகளைத் தாங்கிப் பிடிப்பதற்காக 70,000 கோடி டாலர் வரை செலவிட இடமளிக்கும் சட்டம் நிறைவேறிற்று. கடன் தவணை கட்ட இயலாமையால் அவ்வாண்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஜப்தி நடவடிக்கைக்கு உள்ளாயின. ஆலைகளும் கடைகளும் ஆட்களைக் குறைத்துக்கொண்டே போயின. ஓராண்டு கழித்து, 2009 அக்டோபரில், வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்த தொகையில் நூற்றுக்குப் பத்துப் பேர் வேலையின்றி நின்றனர்.

இந்நிலையில் மக்கள் கணக்குப் போட்டனர். அந்நாட்டுக் குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2008-இல் ஏறக்குறைய 50,300 டாலர். ஆடை வாங்கிய தொகை அக்குடும்பத்தின் மூன்றாண்டு வருமானத்துக்குச் சமம். சராசரிக் குடும்பம் ஒன்று துணிமணி, காலணி முதலியவற்றுக்கு அவ்வாண்டில் செலவிட்டது சுமார் 1,800 டாலர். அம்முறையில் பார்த்தால், இது 83 ஆண்டுத் துணிச் செலவு. மத்திய சட்டம் விதித்திருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6 டாலர் 55 சென்ட். அக்கூலிக்கு வாரம் 40 மணி நேரம் உழைப்பவர் ஒரு சென்ட்கூடச் செலவழிக்காமல் 11 ஆண்டு சேர்த்தால்தான் இத்தொகை தேறும். இதைக் கணக்கிடப் பொருளாதார நிபுணர் எவரும் தேவைப்படவில்லை. வீட்டுச் செலவைக் குறித்து வைக்கும் பெண்மணிகளே போட்டுப் பார்த்துவிட்டனர்.

பழைய வழக்கு

இவ்வழக்கு அந்நாட்டுக்குப் புதியதன்று. 1952-ஆம் ஆண்டில் இதே கட்சியின் சார்பில், இதே துணை ஜனாதிபதி பதவிக்கு நின்றவர் ரிச்சர்ட் நிக்ஸன். ஆதரவாளர்கள் திரட்டிக் கொடுத்த 18,000 டாலர் நிதி ஒன்றை அவர் தம் சொந்த நலனுக்குப் பயன்படுத்தினார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. செப்டம்பர் 23-ஆம் தேதி டெலிவிஷனில் தோன்றி, தம் வீட்டுக் கடன், கார், ஆயுள் இன்ஷூரன்ஸ் ஆகியவற்றின் விவரத்தையெல்லாம் அவர் நாட்டுக்கு ஒப்புவித்தார். தம் மனைவியிடம் மிங்க் என்னும் பிராணியின் விலையுயர்ந்த மென்மயிர்ச் சட்டை கிடையாது, கௌரவமான துணிக்கோட்டுதான் இருக்கிறது என்று அப்போது அவர் கூறியதை ஆறு கோடிப் பேர் கேட்டனர் என்பர். அப்பேச்சே அவரது அபேட்சகப் பதவியைக் காத்தது.

1960-இல் ஜான் கென்னடியின் மனைவியார் ஆண்டுக்கு 30,000 டாலரை ஆடைக்குச் செலவிடுகிறார் என்று பத்திரிகையில் வர, அவர் அதை மறுக்க நேர்ந்தது. 2007-இல் ஜான் எட்வர்ட்ஸ் என்பவர் ஏழைகளின் சார்பாகப் பேசி ஜனாதிபதிப் பதவியை நாடினார். தலைமயிர் வெட்டியதற்காக முறைக்கு 400 டாலர் வீதம் இரு முறை தேர்தல் நிதியிலிருந்து கொடுத்தது வெளிப்பட்டதும், அத்தொகையை அவர் திருப்பிச் செலுத்தினார். ஏழைக்காகப் பேசும் வாய்க்கும் பற்றுச்சீட்டில் உள்ள தொகைக்கும் இடையே உள்ள தூரத்தையே மக்கள் அளந்தனர்.

மறுபக்கம்

இத்தருணத்தில் நியாயத்தின் மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். பெயர் அறிவிக்கப்பட்ட நாளுக்கும் கட்சி மகாநாட்டில் பேசிய செப்டம்பர் 3-ஆம் தேதிக்கும் இடையே அவ்வம்மையாருக்குக் கிடைத்தது ஐந்து நாள்தான். பின்னர் இரண்டு மாதம், நாடெங்கும், நாள்தோறும் காமிராக்களின் முன்னே நிற்க வேண்டியிருந்தது. ஆண் அபேட்சகர் ஒரே நீலக் கோட்டை வாரம் முழுதும் அணிந்தாலும் கேட்பாரில்லை. பெண் நேற்று அணிந்ததை இன்றும் அணிந்தால் அதுவே செய்தியாகிறது. எளிமையாக உடுத்தினால் தகுதியில்லை என்பர். நன்கு உடுத்தினால் ஆடம்பரம் என்பர். அதே அக்டோபர் 27-ஆம் தேதி டெலிவிஷன் நிகழ்ச்சி ஒன்றில் தோன்றிய மிஷேல் ஒபாமா அம்மையாரிடமும் உடுத்தியிருக்கும் உடையின் விலையைப் பற்றிய கேள்விதான் வந்தது. நடுத்தரக் குடும்பத்தார் வாங்கும் ஜே. க்ரூ என்னும் கடையின் உடை என்று அவர் சொன்னது பெரிதும் பாராட்டப்பட்டது. அவருடைய கணவரிடம் அவ்வாறு எவரும் கேட்கவில்லை.

மற்றொன்றும் உண்டு. அக்டோபர் 29-ஆம் தேதி ஒபாமாவின் பிரசாரக் குழு பல டெலிவிஷன் நிலையங்களில் ஒரே சமயத்தில் அரைமணி நேர நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதன் செலவு பல பத்து இலட்சம் டாலர். அதனோடு ஒப்பிட்டால் துணிச் செலவு அற்பம். ஆயினும் ஒளிபரப்பைக் குறித்து எவரும் இவ்வளவு கோபம் கொள்ளவில்லை. ஒளிபரப்பின் விலை மக்களின் அளவுகோலுக்கு எட்டாதது. கோட்டின் விலை எட்டுவது. கோட்டு வாங்கியவர், வாங்க எண்ணி விட்டுவிட்டவர், தவணையில் வாங்கியவர் எல்லா வீட்டிலும் உண்டு. எட்டுகின்ற கோலைக்கொண்டு மக்கள் அளந்தார்கள் என்பதற்காக அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. எட்டாத தொகையையும் கேட்கப் பழக வேண்டும் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சட்டமும் அதன் இடுக்கும்

பணம் யாருடையது என்பதே மூலக் கேள்வி. மெக்கெயின் அரசாங்கத் தேர்தல் நிதியிலிருந்து 8 கோடியே 41 இலட்சம் டாலர் பெற ஒப்புக்கொண்டிருந்தார். அதன் நிபந்தனைப்படி அவருடைய குழு அதற்கு மேல் தன் பிரசாரத்துக்கு நன்கொடை திரட்டிச் செலவிட இயலாது. எனவே கட்சியின் தேசியக் குழு துணைக்கு வந்தது. அக்குழுவின் பணமோ கட்சி அன்பர்கள் அனுப்பிய நன்கொடை. அவர்களுள் செல்வரும் உண்டு. சிறு தொகைக்குக் காசோலை எழுதியவரும் உண்டு.

அபேட்சகருக்கு வந்த நன்கொடையை அவர் சொந்தச் செலவுக்கு எடுக்கலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். 2002-இல் திருத்தப்பட்ட அச்சட்டம், எடுக்கலாகாத செலவுகளுள் ஆடையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. ஆனால் அத்தடை அபேட்சகரின் நிதிக்குத்தான். கட்சிக் குழுவின் நிதியை அது தொடவில்லை. புகார் தேர்தல் கமிஷனுக்குச் சென்றது, 2009-இல் தள்ளுபடியாயிற்று. சட்டப்படி குற்றமில்லை. எனினும், காசோலை அனுப்பிய அன்பர் இதற்காக அனுப்பினாரா என்ற கேள்விக்குக் கமிஷனின் தீர்ப்பு விடையாகாது.

இவ்வளவும் எப்படி வெளிவந்தது என்பதை நம் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். திருட்டுத்தனமாக எவரும் காகிதம் எடுத்து வரவில்லை. கட்சிக் குழு சட்டத்துக்கு உட்பட்டுத் தானே தாக்கல் செய்த மாதாந்தரக் கணக்கில் அது இருந்தது. கடிதம், தொலைபேசி, விளம்பரம் என்று வழக்கமான இனங்களுக்கு இடையே 'பிரசாரத் துணைப்பொருள்கள்' என்று ஒரு புதிய இனம் காணப்பட்டது. அவ்வினத்தைத் திறந்து பார்த்தவர் கண்டவைதாம் மேலே சொன்ன கடைகளும் தொகைகளும். சங்கக் கணக்கில் 'இதரச் செலவு' என்னும் வரியைக் கண்டு தணிக்கையாளர் பேனாவை நிறுத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே காரியந்தான் அங்கும் நடந்தது.

தைத்த கைகள்

விவாதம் முழுவதிலும் உடுத்தியவரைப் பற்றியே பேச்சு. நெய்தவர், தைத்தவர் பேச்சு மிகக் குறைவு. அத்தேர்தலில் வென்ற ஒபாமா அணிந்த கோட்டுகள் சிகாகோவின் ஹார்ட் ஷாப்னர் மார்க்ஸ் என்னும் பழைய நிறுவனத்தின் தயாரிப்பு. கால்சட்டைப் பை தைப்பதற்கு உரிய கூலியை 4 சென்டிலிருந்து மூன்றே முக்கால் சென்டாகக் குறைத்ததால் 1910-இல் அந்நிறுவனத்தின் பெண்கள் சிலர் வேலையை விட்டு எழுந்தனர். கால் சென்ட் குறைவில் தொடங்கிய அவ்வேலைநிறுத்தம் நகரெங்கும் பரவிப் பல்லாயிரம் பேருடையதாயிற்று.

புதிய ஜனாதிபதி பதவியேற்ற அதே வாரத்தில், 2009 ஜனவரி 23-ஆம் தேதி, இதன் தாய் நிறுவனமான ஹார்ட்மார்க்ஸ் திவால் பாதுகாப்புக் கோரிற்று. கடன் கொடுத்த பாங்கு நிறுவனத்தைக் கலைத்து விற்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தது. அப்படி நேர்ந்தால் தொழிற்சாலையை விட்டு வெளியேறாமல் அமர்ந்துவிடுவதென்று தொழிலாளர் தீர்மானித்தனர். முடிவில் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து நம் நாட்டு எஸ். குமார்ஸ் துணி நிறுவனம் அதனை வாங்கியது. வேலைகள் அப்போதைக்குத் தப்பின. 2012-இல் அதுவும் மீண்டும் திவாலுக்கு வந்தது. நாட்டின் முதல் மனிதர் உடுத்தும் துணியைத் தைத்தாலும் தைப்பவரின் வாழ்வு நிலைபெற்றுவிடுவதில்லை.

நாம் கொள்ள வேண்டியது

நல்ல துணிக்கு நல்ல விலை கொடுப்பதை நாம் பழிப்போமாகில் நம் பிழைப்பையே பழித்தவர்களாவோம். விலையைப் பற்றி நமக்கு வழக்கில்லை. தன் பணத்தில் வாங்குபவர் பட்டே உடுத்தட்டும். பிறர் நம்பிக் கொடுத்த பணத்தில் வாங்கும்போது, கொடுத்தவர் படித்துப் பார்க்கும்படியாக, உரிய பெயரில், உரிய தொகையில் எழுதி வைக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது. அமெரிக்க வாக்காளர் அத்தொகையை அறிந்து கோபம் கொள்ள முடிந்ததற்குக் காரணம், சட்டம் அவர்களுக்குத் திறந்து வைத்திருந்த ஏடு.

நம் சங்கங்களிலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. பாதிப் பேர் தேநீருக்கு எழுந்துவிடும் நேரம் அதுவே. அடுத்த கூட்டத்தில் அன்பர்கள் சற்று அமர்ந்திருந்து, ஒவ்வோர் இனமும் எதற்கென்று கேட்பார்களாக. கேட்பதில் காரியதரிசிக்கு அவமதிப்பு ஒன்றுமில்லை. நேர்மையான காரியதரிசி அக்கேள்வியை எதிர்பார்த்தே பற்றுச்சீட்டுகளைக் கட்டி வைத்திருப்பார்.