கிண்ணமில்லாக் கழகங்கள்

பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம் வென்றவர்களுக்கு உரியது. கிண்ணத்தை உயர்த்திப் பிடித்தவர்களின் படம் அதில் வரும். தோற்றவர்களுக்கு இரண்டு வரி கிடைத்தால் பெரிய விஷயம். நான் இங்கே எழுத விரும்புவது அந்த இரண்டு வரிக்காரர்களைப் பற்றி. பல வருடங்களாகக் கிண்ணம் எதுவும் வெல்லாமலும் கலைந்து போகாத கழகங்கள் உலகெங்கும் இருக்கின்றன. அவை எப்படி உயிரோடிருக்கின்றன என்பது என்னைப் பல நாட்களாகக் குடைந்த கேள்வி. விடையைத் தேடத் தூரம் போக வேண்டியதில்லை, நம் கொழும்பிலேயே தொடங்கலாம்.

ஐரோப்பியரின் விளையாட்டுக் கழகங்களில் உள்ளூராருக்கு இடமில்லாதிருந்த காலத்தில், இந்நகரத்தின் ஒவ்வொரு சமூகமும் தனக்கெனக் கழகம் ஒன்றை அமைத்துக் கொண்டது. 1872இல் மலாயர்கள் கிரிக்கெட் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1896இல் பறங்கியர் கழகமும், 1899இல் சிங்கள விளையாட்டுக் கழகமும் தமிழ் யூனியனும், 1908இல் நமது மூர்ஸ் விளையாட்டுக் கழகமும் தோன்றின. இன்று கொம்பனித்தெருவிலுள்ள 'பதாங்' என்றதும் நம்மில் பலருக்குக் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வரும். அதன் பக்கத்திலிருப்பது 150 வருடங்களைக் கடந்த மலாயர் கழகத்தின் மைதானம் என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

இவற்றுள் தமிழ் யூனியனின் கதை என் கேள்விக்கு மிக நெருக்கமானது. நாட்டின் முதன்மைக் கழகப் போட்டியில் அக்கழகம் 1950/51 பருவத்தில் வென்றது. அடுத்த வெற்றி 2015/16இல்தான் கிடைத்தது. இடையில் 65 வருடங்கள். முதல் வெற்றியைப் பார்த்த சிறுவன் அடுத்ததைப் பார்க்கும்போது பேரன் பேத்தி கண்டிருப்பான்.

கழகத்தின் காலம் வெறுமையாகக் கழியவில்லை. பாக்கியசோதி சரவணமுத்து முன்னின்று உழைத்ததால், 1945இல் வனாத்தமுல்லையில் கழகத்துக்குச் சொந்த மைதானம் எழுந்தது. 1948 மார்ச் மாதம் இங்கிலாந்து செல்லும் வழியில் டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி அங்கே ஒரு நாள் ஆடியது. ஆடுகளத்தின் நீளம் 22 யார் இருக்க வேண்டும். பிறகு அளந்து பார்த்தபோது அது 20 யார்தான் இருந்ததாம்! 1977இல் அம்மைதானத்துக்குச் சரவணமுத்துவின் பெயர் சூட்டப்பட்டது. 1982 பெப்ரவரி 17ஆம் திகதி இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடத் தொடங்கியது அங்கேதான். 1985இல் இந்தியாவை வீழ்த்தி முதலாவது டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அதே புல்வெளியில்தான். 800 டெஸ்ட் விக்கெட்டுகளை வீழ்த்திய முத்தையா முரளிதரன் ஆடியது இக்கழகத்துக்காகவே. அவர் ஆடிய வருடங்களிலும் முதன்மைக் கிண்ணம் கிடைக்கவில்லை என்பது வியப்புத்தான். ஆனால் தேசிய அணிக்குப் போன வீரர் கழகத்துக்குக் கிடைக்கும் நாட்கள் சிலவே. நல்ல வீரரை உருவாக்கும் கழகம் அவரை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியவர்களோடு ஆடுகிறது.

இந்தக் காலத்துக்குள்ளேதான் 1983 ஜூலையும் வந்தது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் ஊரையும் நாட்டையும் விட்டுப் போயின. அப்படியொரு காலத்திலும் 'தமிழ்' என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய ஒரு கழகம் தலைநகரில் தொடர்ந்து ஆடியது. காலப்போக்கில் எல்லாச் சமூகத்து வீரர்களும் அதற்கு ஆடினார்கள். குருநாகலைச் சேர்ந்த ரங்கன ஹேரத் நமது மூர்ஸ் கழகத்துக்கும், பின்னர் தமிழ் யூனியனுக்கும் ஆடியவர். ஒரு சமூகத்தின் பெயரில் திறந்த கதவு எல்லோருக்கும் திறந்துகொண்டது. மூர்ஸ் கழகமும் பொறுமையில் குறைந்ததல்ல. 1908இல் தோன்றிய அது முதன்மைக் கிண்ணத்தை வென்றது 2002/03இல்.

இவை பெரிய கழகங்கள். மைதானமும் அங்கத்தவர்களும் பெயரும் இவற்றுக்கு உண்டு. இவை எதுவுமில்லாத சிறு கழகம் எப்படித் தாக்குப்பிடிக்கும்? இதற்கு விடை தேடியபோது நான் அயர்லாந்துக்குப் போக வேண்டியிருந்தது, ஏட்டின் வழியேதான்!

அயர்லாந்தில் கேலிக் உதைபந்தாட்டம், ஹர்லிங் என இரண்டு பழைய விளையாட்டுகள் உண்டு. முதலாவதில் பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். இரண்டாவது, மட்டையால் சிறு பந்தை அடித்து ஆடுவது. இரண்டிலும் பக்கத்துக்கு 15 பேர். பெண்கள் ஆடும் ஹர்லிங்குக்குக் கமோகி என்று பெயர். இவ்விளையாட்டுகளைக் காப்பதற்காக 1884 நவம்பர் 1ஆம் திகதி தேர்ல்ஸ் என்ற சிற்றூரின் ஹோட்டலொன்றில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னியர் ஆட்சிக்குள் இருந்த மக்கள் தமக்கென அமைத்துக்கொண்ட அமைப்பு என்ற வகையில், நமது கொழும்புக் கழகங்களும் அதுவும் ஒரே காலத்துப் பிள்ளைகள் எனலாம்.

அங்கே வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. டப்ளினிலுள்ள குரோக் பார்க் மைதானத்தில் 80,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் இறுதிப் போட்டியில் ஆடுபவர்கூட, திங்கட்கிழமை காலையில் ஆசிரியராகவோ தச்சராகவோ வேலைக்குப் போகிறார். கழகம் பெரும்பாலும் ஊருக்கு ஒன்று. கத்தோலிக்கர் 'பங்கு' என்பார்கள். நாம் மஹல்லா என்போமே, அதுபோல. ஒருவர் தன் பிறந்த ஊர்க் கழகத்துக்கே ஆயுள் முழுவதும் ஆடுவது அங்கே வழக்கம். வெல்கின்ற கழகத்தைத் தேடி நினைத்தபடி மாறிவிட முடியாது. எனவே தோற்கின்ற கழகத்துக்கும் ஆட ஆட்கள் இருக்கிறார்கள். இது முதலாவது காரணம்.

இரண்டாவது காரணம், தரம் பிரித்தல். ஒவ்வொரு மாவட்டத்திலும் சிரேஷ்ட, இடைநிலை, கனிஷ்ட எனப் பிரிவுகள் உள்ளன. முதல் பிரிவை எட்டவே முடியாத சிற்றூர்க் கழகம் தன்னைப் போன்ற இன்னொரு சிற்றூரோடு ஆடுகிறது. அதற்கும் ஏறுவதற்கு ஒரு படி இருக்கிறது, இறங்கிவிடுவோமோ என்ற பயமும் இருக்கிறது. இளைஞர்கள் வேலை தேடிப் போய் ஆள் குறைந்துவிட்டால், பக்கத்து ஊரோடு சேர்ந்து ஒரே அணியாக ஆடவும் இடமுண்டு.

மூன்றாவது காரணம் சிறுவர்கள். 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 'கோ கேம்ஸ்' என்ற முறையை வைத்திருக்கிறார்கள். அதில் கிண்ணமும் இல்லை, இறுதிப் போட்டியும் இல்லை. வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஆட்டம் உண்டு. திறமைசாலிகள் ஏழு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே உட்கார வைத்தால், பத்து வருடத்தில் கழகத்துக்குச் செயலாளரும் இல்லை, பயிற்றுநரும் இல்லை, பார்வையாளரும் இல்லை. இன்று சுமாராக ஆடும் பிள்ளைதான் நாளை மைதானத்துக்குக் கோடு போடப் போகிறது. இது அவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மை.

மாவட்ட அணிகளிலும் இதே பொறுமையைப் பார்க்கலாம். மேயோ மாவட்டம் உதைபந்தாட்டத்தில் அகில அயர்லாந்துக் கிண்ணத்தைக் கடைசியாக வென்றது 1951இல். தமிழ் யூனியன் வென்ற அதே காலம். 1989 முதல் 2021 வரை 11 தடவை இறுதிப் போட்டி வரை வந்து 11 தடவையும் தோற்றது. ஆனாலும் அடுத்த வருடம் மைதானம் நிறைகிறது. இதைவிட என்னைத் தொட்டது லண்டன் அணி. அது பெரும்பாலும் பிழைப்புக்காகக் கடல் கடந்து போன அயர்லாந்து இளைஞர்களின் அணி. கொனாக்ட் மாகாணப் போட்டியில் 1977இல் ஒரு வெற்றி பெற்றது. அடுத்த வெற்றி 2013இல். அந்த வருடம் மாகாண இறுதி வரை முன்னேறி, அங்கே தோற்றது. யாரிடம்? அதே மேயோவிடம்! 36 வருடங்களாக லண்டனில் மாலை வேளைகளில் பயிற்சிக்கு வந்தவர்கள் கிண்ணத்துக்காகவா வந்திருப்பார்கள்? சொந்த ஊர்ப் பேச்சைக் கேட்பதற்கும், வேலை தேட ஒருவருக்கொருவர் உதவுவதற்கும் அதுவே இடமாக இருந்திருக்கும். வெளிநாட்டில் உறவினர் இல்லாத குடும்பம் நம்மில் குறைவு. எனவே இதை விளங்கிக்கொள்வது நமக்குக் கஷ்டமில்லை.

இதையெல்லாம் அறிந்தபின், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலுள்ள மென்பந்து கிரிக்கெட் குழுவை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். என் நானாவும் அதில் ஆடுகிறார். அவர்கள் வீட்டுக்குக் கிண்ணம் கொண்டுவந்ததை நான் கண்டதில்லை. சொந்த மைதானமும் இல்லை; கிடைக்கிற இடத்தில் ஞாயிறு காலையில் ஆடுகிறார்கள். கடை வைத்திருக்கும் ஒரு நானா, சீ.ஆர். கொப்பியொன்றில் சந்தாக் கணக்கு எழுதுகிறார். மட்டைப் பையைத் தூக்குவதும், மைதானத்துக்குப் பணம் கட்டுவதும், வராதவர்களுக்குத் தொலைபேசி எடுப்பதும் அவரே. நோன்பு காலத்தில் ஆட்டம் நின்றுவிடும். பெருநாள் முடிந்த அடுத்த ஞாயிறு அவர்தான் மீண்டும் எல்லோரையும் கூட்டுவார். கட்டாருக்கும் லண்டனுக்கும் சிலர் போய், ஒரு கட்டத்தில் ஒன்பது பேர்தான் மிஞ்சினார்கள். குழுவைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சும் வந்தது. அப்போது சாதாரண தரம் படிக்கும் பொடியன்மாரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் இன்னும் அதிகமாகத் தோற்றார்கள். ஆனால் குழு பிழைத்தது.

அக்குழுவில் ஒருவருடைய வாப்பா மௌத்தானபோது, விடியுமுன் கதிரை இறக்கியவர்களும், வாகனங்களுக்கு வழி காட்டியவர்களும், ஜனாஸாவைச் சுமந்தவர்களும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்காரர்களே. அயர்லாந்துக் கிராமங்களிலும் மரண வீட்டில் முன்னிற்பது ஊர்க் கழகத்தார்தான். கழகம் என்பது பயிற்சி பெற்ற ஒரு கூட்டம். கூப்பிட்டால் வரவும், சொன்ன நேரத்துக்கு நிற்கவும், ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்கவும் வாராவாரம் அவர்கள் பழகுகிறார்கள். அந்தப் பழக்கம் தேவைப்படும் நாள் வேறொரு நாளாக இருக்கலாம்.

இங்கே பெற்றோர்களிடமும் தோழிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் நாங்கள் எங்கே? நானாவின் குழு அவர் நாற்பது வயதைத் தாண்டினாலும் இருக்கும். எங்களுடைய வலைப்பந்தாட்டமோ உயர்தரப் பரீட்சையோடு முடிந்துவிடுகிறது. வெள்ளைச் சீருடையைக் கழற்றும் நாளில் பந்தையும் வைத்துவிடுகிறோம். பாடசாலை அணியில் இடம் கிடைக்காதவர்கள் அதற்கு முன்பே வைத்துவிடுகிறார்கள்.

அயர்லாந்துப் பெண்களுக்கும் இது எளிதாகக் கிடைக்கவில்லை. கமோகிக்கு 1904இலேயே சங்கம் உருவானது. ஆனால் பெண்கள் உதைபந்தாட்டச் சங்கம் தோன்ற 1974 ஆனது. அதுவும் தேர்ல்ஸில் உள்ள அதே ஹோட்டலில்தான். 2008இல் அச்சங்கம் தாய்மாருக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிவந்து வேலியோரம் காத்திருந்த உம்மாமாரை மைதானத்துக்குள் அழைத்தார்கள். முன்பு ஆடியிருக்க வேண்டியதில்லை. போட்டியும் கிண்ணமும் கிடையாது. வாரம் ஒருமுறை ஓடி, சிரித்து, தேநீர் குடித்துப் பிரிவார்கள்.

உடையும் இடமும் நேரமும் சரியாக அமைய வேண்டும் என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. ஆனால் மதில் சூழ்ந்த கல்லூரி முற்றமும், சனிக்கிழமைக் காலையும், பெண்கள் மட்டும் என்ற ஒழுங்கும் இருந்தால் அக்கவலைக்கு இடமேது? அயர்லாந்துக் கழகங்கள் பணத்துக்கு வாராந்த லொத்தர் நடத்துகின்றன. அது நமக்குரிய வழியல்ல. நமக்குச் சிறு சந்தாவே போதும். ஒரு பந்து, ஒரு விசில், பெயரெழுத ஒரு சீ.ஆர். கொப்பி ஆகியவற்றோடு தொடங்கலாம். இவற்றைவிட முக்கியமானவர், மழை பெய்தாலும் ஐந்து பேரே வந்தாலும் சரியான நேரத்தில் படலையைத் திறக்கும் ஒருவர்.

அடுத்த வருடம் நானும் பரீட்சை எழுதி வெளியேறுவேன், இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் இதழாசிரியர் குழுவிடமும் பழைய மாணவியர் சங்கத்திடமும் இந்த வேண்டுகோளை வைக்கிறேன். அணியில் இடம் கிடைக்காதவர்களின் பெயரையும் அந்தக் கொப்பியில் எழுதுங்கள். உம்மாமாரின் பெயரையும் எழுதுங்கள். முதல் பக்கத்தில் முதலாவதாக என் பெயர் இருக்கட்டும்.