கிடைத்தாலும் கிடைக்கும் பை

சோவியத் காலத்தில் வேலைக்குக் கிளம்புகிறவர் கோட்டுப் பையில் ஒரு நூல்வலையைச் சுருட்டிப் போட்டுக்கொள்வார். மடித்தால் கைக்குள் அடங்கிவிடும். விரித்தால் உருளைக்கிழங்கு, பால் பாட்டில், முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் தாங்கும். இதுதான் அவோஸ்கா.

கடைக்காரர்கள் இதைச் 'சேத்கா', அதாவது வலை என்றார்கள். மக்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது. 'அவோஸ்' பழைய ருஷ்யச் சொல்; 'பார்ப்போம், நடந்தாலும் நடக்கும்' என்பது அதன் தொனி. முன்யோசனை இல்லாமல் அதிர்ஷ்டத்தை நம்பும் தங்கள் குணத்தையும் ருஷ்யர்கள் இந்தச் சொல்லாலேயே கேலி செய்துகொள்வார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கப்பலுக்கே 'அவோஸ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். அதில் ஏறியவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்! இந்தச் சொல்லோடு 'கா' விகுதி சேர்ந்ததும் கையில் பிடிக்கிற பொருளாகிவிட்டது. 1930களில் நகைச்சுவை நடிகர் அர்க்காதி ரைக்கின் மேடையில் சொல்லித்தான் பெயர் பரவியது என்பார்கள்.

பொருள்தட்டுப்பாடு இல்லாதிருந்தால் இந்தப் பெயர் ஒட்டியிருக்காது. ஆரஞ்சு எந்தக் கடைக்கு என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வரிசையைக் கண்டால் முதலில் போய் நின்றுகொள்ள வேண்டும். என்ன விற்கிறார்கள் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். அன்றைய பேச்சுமொழியும் இதற்கேற்ப மாறியது. சரக்கு விற்பனைக்கு வந்தால் 'வீசியிருக்கிறார்கள்' என்றார்கள். அரிய பொருளை யாரும் 'வாங்கவில்லை', பாடுபட்டுப் 'பிடித்தார்கள்'. வலைப்பைக்குள் இருப்பது ஊருக்கே தெரியும் என்பதால், வழியில் போகிறவர் கூச்சமின்றி நிறுத்தி, "எங்கே கொடுக்கிறார்கள்?" என்று கேட்பார். விலை கொடுத்து வாங்கியதுதான். ஆனாலும் கேள்வி அப்படித்தான் இருக்கும்.

பையின் குறைகளும் சொல்லவேண்டியவை. பாரம் ஏறினால் நூல் விரலை அறுக்கும். சிறிய சாமான் கண்ணி வழியாக நழுவும். குளிர்காலத்தில் மட்டும் இதற்கு இன்னொரு வேலை இருந்தது: இறைச்சியை உள்ளே போட்டு ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டால் குளிர்பெட்டி தேவையில்லை.

வலைப்பை ருஷ்யாவுக்கே உரியதல்ல. 1920களிலேயே செக் நாட்டில் தலைமுடிவலை வியாபாரி ஒருவர் இதைத் தயாரித்து விற்றார். சோவியத் நாட்டில் பார்வையற்றோர் சங்கத்தின் பட்டறைகள் பெருமளவில் பின்னித் தந்தன. பின்னாளில் பிளாஸ்டிக் பை வந்து அவோஸ்காவை ஓரங்கட்டியது. அதுவும் தொடக்கத்தில் எளிதில் கிடைக்காத பொருளாக இருந்ததால், கிழியும்வரை கழுவிக் கழுவிக் கொடியில் உலர்த்தினார்கள்.