மதுரையைவிடப் பக்கம் யாழ்ப்பாணம்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்கு வான்வழித் தூரம் 400 கிலோமீட்டருக்கும் மேல். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கோ சுமார் 355 கிலோமீட்டர்தான். வரைபடத்தில் கோடு போட்டால் ஏறக்குறைய நேர் தெற்கே, நம் கிழக்குக் கரையை ஒட்டிய கடல்மேலேயே அது இறங்கும். திருச்சியிலிருந்து அளந்தால் 200 கிலோமீட்டர்கூட இல்லை.

இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊருக்கு ஒரு தலைமுறை எப்படிப் போய்வந்தது? சென்னையிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு சுமார் 640 கிலோமீட்டர் பறக்க வேண்டும். இறங்கிய பிறகு வவுனியா வழியாக வடக்கே 350 கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம். போர்க்காலத்தில் அந்தச் சாலையும் அடிக்கடி மூடப்பட்டது. விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போனவர்கள், பஸ்ஸில் ஒரு முழு இரவைக் கழித்துத்தான் வீட்டு வாசலை மிதித்தார்கள்.

ஆனால் நேர்வழி புதியதல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தைக் கொழும்பு அருகே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாக மதராசுக்குத்தான் இயக்கியது. போரில் அறுந்த அந்தத் தொடர்பு 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் மூலம் மீண்டது. சில மாதங்களிலேயே கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் மறுபடி தொடக்கம். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது.

பலாலிக்குப் போவது ஏடிஆர் ரக விமானம். இறக்கையில் சுழலும் விசிறிகள், வரிசைக்கு நான்கு இருக்கை, வால்பக்கக் கதவு வழியாக நாலைந்து படி ஏறினால் உள்ளே. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் 355 கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம் போதும். டிக்கெட்டில் போட்டிருப்பதோ ஒன்றேகால் மணி நேரம். நின்ற இடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதைக்குக் காத்திருப்பது, மேலேறுவது, சுற்றி வந்து இறங்குவது எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். அதனால்தான் ஏறக்குறைய இரு மடங்கு தூரமுள்ள கொழும்புக்கு ஜெட் விமானம் எடுக்கும் நேரமும் பலாலிக்கு ஏடிஆர் எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றாகின்றன.

வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும். குடிவரவு, சுங்கச் சோதனை, பலாலியிலிருந்து நகருக்குப் போகும் அரை மணி நேரம் எல்லாம் சேர்த்தால் வீட்டுக்கு வீடு ஐந்தாறு மணி நேரம். இருந்தாலும் சிகிச்சைக்காக வயதான தாயைச் சென்னைக்கு அழைத்துவரும் ஒரு மகளுக்கு, அந்த இரவு பஸ் இல்லாமல் போனதே பெரிய விடுதலை.

பலாலியில் பெரிய ஜெட் விமானங்கள் இறங்க ஓடுபாதை நீள வேண்டும். நீளட்டும். ஆனால் பலாலியைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் போரால் இடம்பெயர்ந்தவர்கள். அவர்களின் காணிகள் இன்னும் முழுமையாக விடுவிக்கப்படவில்லை. இனி ஒரு துண்டு நிலம் தேவைப்பட்டாலும், உரியவர்களிடம் கேட்டு, உரிய விலை கொடுத்தே எடுக்க வேண்டும். இதை மீற எந்த அவசரமும் காரணமாகக் கூடாது.