பட்டை இல்லாத இரத்த அழுத்தக் கருவிகள்: எவ்வளவு நம்பலாம்?

மேல்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து இரத்த அழுத்தத்தை அளக்கும் முறையை 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி வகுத்தார். நாடியொலியைக் கேட்டு அளக்கும் வழியை 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரட்காஃப் அதனோடு சேர்த்தார். இன்று சில ஸ்மார்ட் வாட்சுகளும் கைவளையங்களும் பட்டை இல்லாமலே அந்த எண்ணைக் காட்டுகின்றன.

அளவா, கணிப்பா?

பட்டை தமனியை அமுக்கி, அது தாங்கும் அழுத்தத்தைக் கண்டறிகிறது. வாட்ச் எதையும் அமுக்குவதில்லை. தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் கூடிக் குறைவதை ஓர் அலையாகப் பதிகிறது. அந்த அலையின் வடிவத்திலிருந்து அழுத்தத்தைக் கணிக்கிறது. வேறு சில கருவிகள் துடிப்பலை இதயத்திலிருந்து மணிக்கட்டுக்கு வந்துசேரும் நேரத்தைக் கணக்கிடுகின்றன. அழுத்தம் கூடினால் தமனிச் சுவர் விறைத்து அலை விரைந்து ஓடும். ஆனால் முதுமை, குளிர், மருந்து ஆகியவையும் அலையை மாற்றும் என்பதால் கணிப்பு பிசகலாம்.

அளவுத்திருத்தம் ஏன்?

ஒரே மாதிரியான அலை இருவரிடம் வெவ்வேறு அழுத்தத்தைக் குறிக்கக்கூடும். எனவே பல கருவிகளுக்குப் பட்டைக் கருவியின் அளவை முதலில் சொல்லித்தர வேண்டும். சாம்சங் வாட்சுகளில் இதை 28 நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். பதற்றத்திலோ காபி குடித்த கையோடோ எடுத்த அளவைக் கொடுத்தால், அடுத்த திருத்தம் வரை அந்தப் பிழை எல்லா எண்களிலும் தொடரும்.

சோதனையில் உள்ள சிக்கல்

பட்டைக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தரநிலை குறைந்தது 85 பேரிடம் சோதிக்கச் சொல்கிறது. ஒப்பீட்டு அளவிலிருந்து கருவியின் சராசரி வேறுபாடு 5 மி.மீ. பாதரசத்துக்குள்ளும், திட்ட விலக்கம் 8க்குள்ளும் இருக்க வேண்டும். இந்தச் சோதனை வாட்சுக்குப் போதாது. 130 என்ற அளவைக் கொடுத்து வாட்சைத் திருத்தியவர் சற்று நேரம் கழித்தும் அமைதியாக உட்கார்ந்திருந்தால் அவருடைய அழுத்தம் 130ஐ ஒட்டியே இருக்கும். எதையும் உணராமல் பழைய எண்ணையே திருப்பிச் சொல்லும் கருவியும் அங்கே துல்லியமானதாகத் தோன்றிவிடும்.

அழுத்தம் மாறும்போது கருவியும் உடன் மாறுகிறதா என்பதே உண்மையான சோதனை. அதனால்தான் ஐரோப்பிய உயர் இரத்த அழுத்தச் சங்கம் 2023இல் ஆறு சோதனைகளைப் பரிந்துரைத்தது. ஓய்வுநிலை, கையின் உயரம், மருந்துக்குப் பின், உறக்கம், உடற்பயிற்சி, அடுத்த திருத்தத்துக்கு முந்தைய நிலை ஆகியவை அவை. கை 10 செ.மீ. தாழ்ந்தாலே அங்குள்ள அழுத்தம் ஏறக்குறைய 8 மி.மீ. கூடும்.

மருத்துவ அமைப்புகளின் நிலை

துல்லியமும் நம்பகத்தன்மையும் மேம்படும்வரை இரத்த அழுத்தத்தை அளக்க இக்கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2025இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் கூறுகிறது. அதே ஆண்டு அந்நாட்டில் அனுமதி பெற்ற ஆப்பிள் வாட்ச் வசதி எண்ணைக் காட்டுவதில்லை. 30 நாள் பதிவுகளைப் பார்த்து, உயர் அழுத்தத்தின் சாயல் தெரிந்தால் எச்சரிக்கிறது. எச்சரிக்கை வராததை நோயில்லை என்பதற்கான சான்றாகக் கொள்ளக் கூடாது.

பயன்படுத்துவோர் கவனத்துக்கு

• திருத்தத்துக்குத் தரச்சோதனையில் தேறிய மேல்கைக் கருவியும் கைக்குப் பொருந்தும் பட்டையும் தேவை.

• அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, தேநீர், புகை கூடாது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் அமர வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும்.

• மருந்து மாறினால், குறித்த நாள் வரும்வரை காத்திராமல் மீண்டும் திருத்துவது நல்லது.

• கர்ப்பிணிகளும் சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவர்களும் பட்டைக் கருவியையே நம்ப வேண்டும்.

• வாட்ச் எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ நிறுத்துவதோ ஆபத்து.

• வீட்டில் பட்டைக் கருவி காட்டும் சராசரி 135/85ஐ எட்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் மரத்துப்போதல் ஆகியவை இருந்தால், வாட்ச் எந்த எண்ணைக் காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.