உஷார்! பழைய 386-ஐ வேகமாக்கப் போகிறீர்களா?

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். வெள்ளிக்கிழமை என்றால் பழைய டிரங்க் ரோட்டில் சந்தை. ரோஜாத் தொட்டி, புறா, இரும்புக் கட்டில், ஓடாத மிக்ஸி என்று விரித்து வைத்திருப்பதற்கு நடுவே, தார்ப்பாயில் கொட்டிய எலெக்ட்ரானிக் சாமான்களைக் குனிந்து கிளறுகிறவர்களைப் பார்க்கலாம். அவர்களில் சிலர் தேடுவது லேப்டாப் சார்ஜர் அல்ல. 386, 486 காலத்து மதர்போர்டு, முக்கால் முழ நீளத்துக்கு ஐ.எஸ்.ஏ கார்டு, அடியில் தங்கநிறக் கால்கள் முளைத்த செராமிக் புராசசர்!

ஆசை புரிகிறது. ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸின் சிவா பிசி விலையை உடைத்த எண்பதுகளில் வாங்க வழியில்லாமல் வேடிக்கை பார்த்தவர்களும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி லேபுக்குள் போய் டர்போ சி படித்தவர்களும் இன்று கையில் கொஞ்சம் காசோடு இருக்கிறார்கள். வாங்கி வந்த பிறகு கை சும்மா இருப்பதில்லை. “386 ரொம்ப ஸ்லோவா இருக்கே, அதே சாக்கெட்ல 486 மாதிரி ஒண்ணு உட்காருமாமே? கூடவே ஒரு சவுண்ட் கார்டு, ஒரு ஸ்கஸி கார்டு...”

அங்கேதான் உஷார்!

புராசசரை மாற்றுவது ஒரு வேலை. எக்ஸ்பான்ஷன் கார்டு சொருகுவது இன்னொரு வேலை. தனித்தனியாகச் செய்தால் இரண்டும் பெரும்பாலும் ஓடிவிடும். ஒன்றாகச் சேர்க்கும்போது, ஓடுவது போலவே இருந்துகொண்டு உங்கள் ஃபைல்களைச் சத்தமில்லாமல் கெடுக்கிற ஜோடிகள் உண்டு. புகை வந்தால்கூடத் தேவலாம், உடனே தெரிந்துவிடும்.

1992-ல் சைரிக்ஸ் கம்பெனி 486டிஎல்சி என்று ஒரு புராசசரை இறக்கியது. பெயரில்தான் 486. 386டிஎக்ஸ் உட்காரும் 132 கால் சாக்கெட்டிலேயே அதுவும் உட்காரும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸும் அதைத் தன் பெயர் பொறித்து விற்றது. அதன் வேகத்துக்கு முக்கியமான காரணம் உள்ளே இருக்கும் 1 கிலோபைட் கேஷ். மெமரியில் அடிக்கடி பார்க்க வேண்டியதை நகல் எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஒரிஜினல் 386-க்குள் அப்படி எதுவும் கிடையாது. ஆகவே 386-க்காகச் செய்த போர்டுக்கு, புராசசரிடம் ஒரு நகல் இருக்கிறது என்பதே தெரியாது.

இப்போது ஃபிளாப்பியிலிருந்து ஒரு ஃபைலைப் படிக்கிறீர்கள். அந்த டேட்டா புராசசர் வழியாக வராது. டிஎம்ஏ என்ற குறுக்குப் பாதையில் நேராக மெமரியில் போய் விழும். மெமரி மாறிவிட்டது, புராசசர் கையில் இருப்பதோ பழைய நகல். ‘அதைத் தூக்கிப் போடு’ என்று புராசசருக்குச் சொல்ல வேண்டிய இணைப்பு பழைய 386 போர்டில் இல்லவே இல்லை. பட்டா பெயர் மாறிய பிறகும் பழைய ஜெராக்ஸைக் காட்டி மனை விற்கிறவர் கதைதான்.

ஸ்கஸி கார்டு இன்னும் ஆபத்து. அடாப்டெக் 1542 போன்றவை பஸ் மாஸ்டர் ரகம். புராசசரைக் கேட்காமல் தானே பஸ்ஸைப் பிடித்து டிஸ்கில் இருப்பதை மெமரிக்குக் கொண்டுவந்து போடும். புராசசர் தன் பழைய நகலை நம்பி டைரக்டரியைத் திருத்தி, திருத்தியதை மறுபடி டிஸ்குக்கே எழுதினால் என்ன ஆகும்? ஃபைல் இருக்கும், உள்ளே இருப்பது வேறு ஃபைலாக இருக்கும்.

ஏன் இது கடையில் பிடிபடுவதில்லை? அந்தக் காலத்துச் சாதாரண ஐடிஇ ஹார்ட் டிஸ்க் டிஎம்ஏ வழியில் போகாது. ஒவ்வொரு பைட்டையும் புராசசரே வாங்கி மெமரியில் வைக்கும். அதனால் பழுதில்லை. சவுண்ட் கார்டில் பாட்டுக் கேட்டாலும் தெரியாது, அது மெமரியிலிருந்து எடுக்க மட்டுமே செய்கிறது. ரெக்கார்ட் செய்தால்தான் சிக்கல் தலைகாட்டும். எனவே டாஸ் பூட் ஆகும், டூம் ஓடும், ஸ்பீடு டெஸ்டில் நம்பர் ஏறும். “பாத்தீங்களா சார், பறக்குது!” என்பார் விற்கிறவர். அவர் பொய் சொல்லவில்லை.

பஸ்ஸை வேறு யாராவது பிடிக்கும்போதெல்லாம் கேஷைக் காலி செய்கிற ஏற்பாடு அந்தப் புராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதை டாஸில் ஒரு சின்னப் புரோகிராம் போட்டு நாமே ஆன் செய்ய வேண்டும். எல்லா போர்டும் அதற்கு ஒத்துவராது. ஒத்துவந்தாலும், அடிக்கடி காலி செய்தால் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பங்கு போய்விடும். 386 காலத்தின் கடைசியில் வந்த சில போர்டுகளின் பயாஸுக்கே இந்தப் புராசசரைத் தெரியும். கிடைத்தால் அதை வாங்குங்கள். எதுவானாலும் ஒரு சோதனை கட்டாயம்: பெரிய ஜிப் ஃபைல் ஒன்றை ஃபிளாப்பியில் எழுதி, திரும்ப வேறு பெயரில் டிஸ்குக்குக் கொண்டுவந்து, டாஸின் எஃப்.சி கட்டளையை /பி சேர்த்து ஓட்டி இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். ஸ்கஸி டிஸ்க் இருந்தால் அதிலும் இப்படியே. கேஷ் ஆஃப் செய்தபோது சரி, ஆன் செய்தபோது தப்பு என்று வந்தால், கை வைக்க வேண்டியது கார்டில் அல்ல.

486 வைத்திருக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கு வேறு குழி. பழுப்பு நிற நீட்டல் வைத்த விஎல்பி ஸ்லாட், புராசசரின் சொந்தக் கம்பிகளோடே கட்டப்பட்டது. டிஎக்ஸ்2-66-ஐ எடுத்துவிட்டு டிஎக்ஸ்2-80 போட்டால், 66 போய் 80 வந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் போர்டின் ஜம்பர் 33 மெகாஹெர்ட்ஸிலிருந்து 40-க்குப் போயிருக்கிறது. டிஸ்ப்ளே கார்டும் டிஸ்க் கன்ட்ரோலரும் அந்த ஓட்டத்துக்கு இழுபடுகின்றன. 33-ல் இரண்டு மூன்று விஎல்பி கார்டைத் தாங்கிய போர்டு 40-ல் திணறலாம். 50-ல் ஒரு கார்டே சந்தேகம். ஐ.எஸ்.ஏ ஸ்லாட்டின் வேகமும் இதே கடிகாரத்தை வகுத்துத்தான் கிடைக்கிறது. 33-ஐ நான்கால் வகுத்தால் எட்டே கால், கார்டுகளுக்குச் சுகமான வேகம். 40 ஆக்கிவிட்டு பயாஸில் நான்கை ஐந்தாக மாற்ற மறந்தால் 10. 50-ல் மறந்தால் பன்னிரண்டரை.

பஸ் 33-லேயே நிற்கட்டும், உள்ளுக்குள் மட்டும் பெருக்கிக்கொள்ளும் புராசசர் போடுவது புத்திசாலித்தனம்: இன்டெல் டிஎக்ஸ்4-100, அல்லது 1995-ல் வந்த ஏஎம்டி 5x86-133. ஆனால் வோல்ட்டேஜைப் பாருங்கள் ஐயா! பழைய 486 சாக்கெட் தருவது 5 வோல்ட். இவை கேட்பது 3.3-லிருந்து 3.45. ஜம்பர் இல்லாத போர்டில், நடுவில் ரெகுலேட்டர் வைத்த அடாப்டர் இல்லாமல் சொருகினால், தொட்டால் சுடும். கொஞ்ச நேரத்தில் சுடவே சுடாது. ரெகுலேட்டரைத் தன்னிடமே வைத்திருக்கும் டிஎக்ஸ்4 ஓவர்டிரைவ் மட்டும் விதிவிலக்கு.

உயிர் விஷயம் ஒன்று. அந்தக் கால ஏடி கேபினெட்டின் முன்பக்க ஸ்விட்சில் பெரும்பாலும் நேரடியாக 230 வோல்ட் நிற்கிறது. இன்றைய பிசி பழக்கத்தில் பிளக்கைப் பிடுங்காமல் அதைத் தொடாதீர்கள். பின்பக்கம் 115, 230 என்று சிவப்பு ஸ்விட்ச் இருந்தால், பிளக் சொருகுவதற்கு முன் அது 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த மெஷினில் அது 115-ல்தான் இருக்கும். மதர்போர்டுக்குப் போகும் இரண்டு கனெக்டரையும் கறுப்பு ஒயர்கள் நடுவில் சேர்கிற மாதிரிதான் சொருக வேண்டும். மாற்றிச் சொருகினால் ஒரே நொடி. எர்த் இல்லாத பழைய வீட்டு வயரிங்கில் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று கூசும்; அதை ‘லேசான ஷாக்’ என்று விட்டுவிடாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தும் ஆர்சிசிபியும் போடச் சொல்லுங்கள்.

இனி, சந்தையில் போர்டு பொறுக்கும்போது. கீபோர்டு கனெக்டர் பக்கத்தில் பீப்பாய் மாதிரி நீலப் பேட்டரி இருக்கிறதா? 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம். ஒழுகியிருந்தால் சுற்றிலும் பச்சை பூத்திருக்கும். அந்தக் காரம் போர்டின் செம்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும். முதல் வேலை அதை வெட்டி எடுப்பது, பிறகு வினிகர் தொட்டுத் துடைப்பது. புராசசர் எல்லாம் அப்புறம். வெட்டிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், காட்மியம் விஷம். மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுங்கள்.

ஸ்லாட்டுகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டல் படிந்திருந்தால், பின்கள் பச்சையாக இருந்தால், அது வெள்ளம் பார்த்த போர்டு. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை. தரைத்தள வீடுகளில் தண்ணீர் நின்ற ஊர்கள் இவை. பளபளவென்று கழுவித் துடைத்திருந்தாலும் ஸ்லாட்டின் அடி பொய் சொல்லாது.

புராசசரின் எழுத்தையும் நம்பாதீர்கள். மேல்பரப்பைத் தேய்த்துவிட்டு அதிக வேக நம்பரை அச்சடித்து விற்பது தொண்ணூறுகளிலேயே நடந்த பித்தலாட்டம், இன்று ஆன்லைனிலும் அதே சரக்கு உலவுகிறது. அச்சு வழக்கத்துக்கு மேல் புதுசாக இருந்தால் அதுவே சந்தேகம். இன்னொரு பக்கம், தங்கத்துக்காக இந்தச் செராமிக் சிப்புகளைக் கிலோ கணக்கில் வாங்கி ஆசிட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தப் போட்டியில் விலை ஏறுகிறதே என்று அவசரப்பட்டு வாங்கினால் ஏமாறுவது நாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் வேறு இடத்தில். திருமுடிவாக்கம் சிட்கோ போன்ற எஸ்டேட்டில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். மூலையில் தூசி படிந்த 386 ஒன்று, ஐ.எஸ்.ஏ கார்டு வழியாக ஒரு மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறது. முதலாளியின் மருமகனுக்கு இந்தப் பொழுதுபோக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். “மாமா, இதை நான் ஸ்பீடாக்கித் தரேன்.”

வேண்டாம், தம்பி! அந்தக் காலத்துக் கன்ட்ரோல் புரோகிராம்கள் பலவற்றில் நேரம் அளப்பதே வெறும் லூப்பை இத்தனை தடவை சுற்று என்பதுதான். புராசசர் வேகமானால் லூப் சீக்கிரம் முடியும், ஸ்டெப்பர் மோட்டாருக்குப் போகும் பல்ஸ்கள் நெருங்கும். மோட்டார் எட்ட முடியாமல் ஸ்டெப்பைத் தவறவிடும். கம்ப்யூட்டர் கணக்கில் டூல் ஓர் இடத்தில், மெஷினில் வேறோர் இடத்தில். பக்கத்தில் ஆபரேட்டரின் கை. பின்னாளில் டர்போ பாஸ்கல் புரோகிராம்கள் வேகமான பென்டியத்தில் ‘எரர் 200’ என்று ஆரம்பத்திலேயே படுத்துக்கொண்டதும் இதே நேரக் கணக்கால்தான். அது யாருடைய விரலையும் எடுக்கவில்லை.

அந்த மெஷினுக்கு உதவி செய்ய ஆசை என்றால் புராசசரைத் தொடாதீர்கள். முதலில் ஹார்ட் டிஸ்கை முழுதாக இமேஜ் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அது முப்பது வருடத்து டிஸ்க், அடுத்த கரண்ட் கட்டுக்குப் பிறகு எழுந்திருக்காமல் போகலாம். பேட்டரியைப் பாருங்கள், பயாஸ் செட்டிங் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள், ஜம்பர்களையும் கார்டுகள் நிற்கும் ஸ்லாட் வரிசையையும் சேர்த்து. பிறகு வெள்ளிக்கிழமை பல்லாவரம் போய், அதே வேகத்து 386 போர்டு ஒன்று கிடைத்தால் வாங்கி, வீட்டில் சோதித்து, ஸ்பேராகப் பொட்டலம் கட்டி அந்த மெஷின் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.